வலை அறுந்த குடும்பத்தைப் பற்றி எழுதினேன், "உதவி கேட்டு எழுதின கடிதம் மாதிரி இருக்கு" என்று திரும்பி வந்துவிட்டது. எங்கே பிழை?

வடமராட்சிக் கரை:

வணக்கம். பத்திரிகை மேசையில் இருக்கிறவையும் பிராந்தியச் செய்தியாளர்களும் பதில் சொன்னால் பெரிய உதவி.

றோலர் (இழுவைப்படகு) வலையை இழுத்துக்கொண்டு போனதால் தொழில் நின்றுபோன ஒரு குடும்பத்தைப் பற்றி ஞாயிறு பக்கத்துக்கு 800 சொல்லில் எழுதினேன். ஆசிரியபீடம் ஏற்கவில்லை. கையில் இருக்கிறது இவ்வளவுதான்: கணவன், மனைவி இருவரோடும் ஒரு மணித்தியாலம் கதைத்த ஒலிப்பதிவு, வீட்டு வாசலில் ஐந்து பேரும் நிற்கிற படம், மீனவர் சங்கத் தலைவர் சொன்ன இரண்டு வசனம், குடும்பத்தின் வங்கிக் கணக்கிலக்கம். தொடக்கம் இது:

"வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதை இது."

தொடக்கத்தை எப்படி மாற்றலாம்? அவர்கள் சொல்கிற நட்டக் கணக்கை எப்படி உறுதிப்படுத்துவது? கணக்கிலக்கத்தைக் கடைசியில் போடலாமா?

மேசையடி:

தொடக்க வரியை அப்படியே எடுத்துவிடுங்கள். அதைத் தூக்கி வேறு எந்தக் குடும்பத்தின் கட்டுரைக்கு மேலே வைத்தாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வரி இந்தக் குடும்பத்தைப் பற்றிய வரி அல்ல. "கோரப்பிடி", "கண்ணீர் மல்க", "மனதை உருக்கும்" எல்லாம் வாசகர் என்ன உணரவேண்டும் என்று முன்கூட்டியே கட்டளை போடுகிற சொற்கள். கட்டளை கிடைத்தவுடன் மிச்சம் என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும், பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

ஒலிப்பதிவைத் திரும்பக் கேளுங்கள். இந்த வீட்டில் மட்டுமே இருக்கிற ஒன்று அதில் இருக்கும். எத்தனை துண்டு வலையோடு போய் எத்தனையோடு வந்தார், படகு இப்போது எங்கே கவிழ்த்து வைத்திருக்கு, அவர் கரைக்கு வருகிற நேரத்தில் மனைவி இப்போது என்ன செய்கிறா. உதாரணத்துக்கு இப்படித் தொடங்கலாம்: "பதினெட்டுத் துண்டு வலையோடு போன படகு மூன்று துண்டோடு கரைக்கு வந்தது. மிச்சத்தை வாங்க அடைவு வைத்த காப்பு இன்னும் மீளவில்லை." இலக்கங்கள் நான் சும்மா போட்டவை, உங்களிடம் இருக்கிற உண்மையான இலக்கத்தைப் போடுங்கள். "வறுமை" என்ற சொல் எங்கேயும் வரத் தேவையில்லை.

உங்கள் கட்டுரை கடிதம் மாதிரித் தெரிந்ததற்குப் பெரிய காரணம் தொடக்கம் அல்ல என்றுதான் நினைக்கிறேன். "ஏன் இந்தக் குடும்பம், ஏன் இப்போது" என்று சொல்கிற பந்தி இல்லாததுதான் காரணம். 800 சொல்லில் முதல் 70, 80 சொல் வீட்டுக் காட்சிக்குப் போகலாம். 200ஆவது சொல்லைத் தாண்டமுன் காரணப் பந்தி வந்துவிடவேண்டும். அதில் கடலின் அடியைச் சுரண்டி இழுக்கிற மடி இந்தக் கரையில் என்ன செய்கிறது, எவ்வளவு காலமாக, சட்டம் என்ன சொல்கிறது, யார் பொறுப்பு என்பதை 60, 70 சொல்லில் அடக்குங்கள். அதற்குப் பிறகு திரும்ப வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகளின் பதிலுக்கு 150 சொல்லாவது ஒதுக்குங்கள்.

அந்தப் பந்தியை விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் விஞ்ஞானி 1980களில் அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், தனி ஒரு ஏழையின் கதையைப் பார்த்தவர்கள் அந்த ஆளின் மேலேயே பொறுப்பைப் போடுவது கூடுதலாக இருந்தது. வறுமையை நாட்டின் நிலையாகக் காட்டிய செய்தியைப் பார்த்தவர்கள் அரசையும் சமூகத்தையும் கேள்வி கேட்டார்கள். எங்கள் பக்கம் இதைப் பார்க்க ஆய்வு தேவையில்லை, முகநூலில் இப்படியான செய்திகளுக்குக் கீழே போய்ப் பாருங்கள். "ஏன் வேற தொழில் பாக்கேல்லை?", "மூண்டு பிள்ளை எதுக்கு?" என்று எழுதியிருப்பார்கள். வாசகர் கெட்டவர் இல்லை. காரணத்தை நாங்கள் சொல்லாமல் விட்டால் அவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆளில்தான் காரணத்தைத் தேடுவார்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த வகைச் செய்தி வளர்ந்ததே விற்பனையோடு. 1833இல் நியூயோர்க்கில் ஒரு சதத்துக்கு விற்ற "சன்" பத்திரிகை, பொலிஸ் நீதிமன்றத்துக்கு வந்த சாதாரண ஆட்களின் கதைகளைப் போட்டுத்தான் புது வாசகரைப் பிடித்தது. அந்த ஆட்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் கேட்கவேண்டும்.

கரைவலை:

நட்டக் கணக்குக்கு வாறன்.

ஒரு மணித்தியாலம் காணாது, இரண்டாம் தரம் போங்கோ. விடிய மீன் கூறுற (ஏலம் விடுற) நேரம் போகாதேங்கோ, ஒருத்தரும் கதைக்க மாட்டினம், கதைச்சாலும் பக்கத்தில நிக்கிற ஆக்களுக்காகக் கதைப்பினம். பின்னேரம் வலை பொத்துற நேரம் நல்லது. கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய் தன்பாட்டில கதைக்கும். "எப்பிடி உணருறீங்கள்?" எண்டு கேட்டால் "சரியான கஷ்டம் தம்பி" எண்ட பதில்தான் வரும். "அண்டைக்கு எத்தினை மணிக்கு வலை விட்டீங்கள்? எத்தினை மணிக்கு இழுக்கப் போனீங்கள்? முதல் என்னத்தைக் கண்டனீங்கள்?" எண்டு கேளுங்கோ. அந்த இரவு முழுக்க வந்துசேரும்.

"பல லட்சம் நட்டம்" எண்டு எழுதாதேங்கோ. வலைத்துண்டு எத்தினை, மிதவை, ஈயம், கயிறு, அண்டைக்கு எரிச்ச மண்ணெண்ணெய், தொழிலுக்குப் போகாத நாள், எல்லாத்தையும் தனித்தனியாக் கேட்டு எழுதுங்கோ. வலை எப்ப வாங்கினது எண்டும் கேக்கவேணும். மூண்டு வருசம் பாவிச்ச வலைக்குப் புது வலையின்ர விலையைப் போட்டால் அது நட்டம் இல்லை, திரும்ப வாங்கிற செலவு. இரண்டும் வேற. இரண்டையும் பிரிச்சு எழுதினால் ஒரு அதிகாரியும் உங்கட கணக்கில குறை பிடிக்கேலாது. புது வலையின்ர விலையை இரண்டு கடையில விசாரியுங்கோ.

பிறகு பேப்பருகள். பொலிஸ் முறைப்பாட்டின்ர இலக்கமும் திகதியும், கடற்றொழில் திணைக்களத்துக்குக் குடுத்த முறைப்பாடு, சங்கத்துப் புத்தகம், அடைவு வைச்ச ரசீது, கடன் அட்டை. ரசீதில நிறையும் திகதியும் இருக்கும், பவுண் எண்டால் 8 கிராம், பொருத்திப் பாருங்கோ. எல்லாத்தையும் உங்கட ஆதாரத்துக்குப் படம் எடுத்து வையுங்கோ, பிரசுரிக்க இல்லை. பேப்பர் இல்லாட்டிக் கதை பொய் எண்டு அர்த்தம் இல்லை, முறைப்பாடு குடுத்துப் பலன் இல்லை எண்டு கனபேர் போறதே இல்லை. அப்பிடியெண்டால் ஏன் போகேல்லை எண்டதையும் கட்டுரையில சொல்லுங்கோ. அதுவும் செய்திதான்.

முக்கியமானது, எந்தத் திகதி எண்டு வடிவாக் கேளுங்கோ. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், இழுவைப்படகு கடலுக்குப் போகத் தடை. இராமேஸ்வரம் பக்கத்து றோலர்கள் வழமையாத் திங்கள், புதன், சனியில இறங்கிறவை. அவர் சொல்லுற இரவு மே மாத நடுவில வந்தால் "இந்திய றோலர்" எண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதேலாது. அடிமடி இழுக்கிறதை எங்கட இலங்கைப் பாராளுமன்றம் 2017இல சட்டம் போட்டுத் தடை செய்தது, ஆனால் உள்ளூர் இழுவைப்படகுகளும் இருக்கு. பொதுவா "இந்திய றோலர் அறுத்தது" எண்டு எழுதினால் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம், அதாலதான் நாங்கள் கேக்கவேணும். வெளிச்சத்தைக் கண்டவரோ, படகின்ர நிறத்தை, இலக்கத்தைக் கண்டவரோ, அல்லாட்டி விடிய வலை இல்லாததைக் கண்டு ஊகிச்சவரோ? கையில ஜிபிஎஸ் வைச்சிருக்கிறவை வலை விட்ட இடத்தைப் பதிஞ்சிருப்பினம், அதையும் கேளுங்கோ. ஊகம் எண்டால் "என்று அவர் நம்புகிறார்" எண்டு எழுதுங்கோ.

காரணப் பந்திக்கு இலக்கம் வேணும் எண்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ திணைக்களத்தின்ர தகவல் அலுவலருக்கு எழுதுங்கோ. "கடந்த மூண்டு வருசத்தில வலை சேதம் எண்டு வந்த முறைப்பாடு மாதவாரியாக எத்தினை, நட்டஈடு குடுத்தது எத்தினை பேருக்கு" எண்டு ஒரே கேள்வியாக் கேளுங்கோ. "மீனவர் பிரச்சினை பற்றிய விபரம்" எண்டு கேட்டால் ஒண்டும் வராது. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும், தகவலைத் தேடித் தர இன்னும் 21 நாள் வரை நீட்ட இடமிருக்கு. அதால இந்த ஞாயிறுக்கு வராது, இண்டைக்கே போட்டு வையுங்கோ.

சரிபாக்காமல் விட்டால் எங்க போய் முடியும் எண்டதுக்குப் பெரிய பேப்பரிலேயே சாட்சி இருக்கு. 1980இல வொஷிங்டன் போஸ்ட்டில 8 வயதுப் பெடியன் போதைக்கு அடிமையான கதை வந்து, 1981இல புலிட்சர் பரிசும் கிடைச்சுது. அப்பிடி ஒரு பெடியன் இல்லவே இல்லை. பரிசைத் திருப்பிக் குடுத்தவை. பெயரை மறைக்கிறம் எண்டு சொல்லி, ஆள் ஆர் எண்டதை ஆசிரியபீடமே கேட்டுச் சரிபாக்காமல் விட்டதுதான் ஓட்டை. வாசகருக்குப் பெயரை மறைக்கலாம். உங்கட ஆசிரியருக்கு மறைக்கக் கூடாது.

ஒழுங்கை முகப்பு:

படத்தைப் பற்றி மட்டும். ஐந்து பேரும் வாசலில் வரிசையாக நிற்கிற படம் வேண்டாம், அது நிவாரணம் கொடுக்கிறவர்கள் எடுக்கிற படம். கைகள், வலை, கவிழ்த்த படகு போதும். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இருந்தால் கழுத்துப்பட்டியும் சின்னமும் எந்தப் பாடசாலை என்று சொல்லிவிடும். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

"பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஊர், வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை நான்கும் சேர்ந்தால் பெயர் தேவையில்லை. கோயிலின் பெயரையும் போட்டால் ஒழுங்கை வரை தெரியும். ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சாதியையும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதென்றால் இவற்றில் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். பொய் விபரம் போட்டு மறைக்காதீர்கள்: வயதை மாற்றுவதை விட "நாற்பதுகளில்" என்று எழுதுவது சரி. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்றால் இது மரியாதை விசயம் மட்டுமல்ல, அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

கணக்கிலக்கம் போடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. போட்டவுடன் கட்டுரை முழுவதும் அந்த இலக்கத்துக்கு முன்னுரையாகிவிடும். அதே இரவு வலை இழந்த பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

மேசையடி:

போடவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. நட்டஈடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து வருகிற காசில் அடுத்த கிழமையே வலை வாங்கலாம். அந்தக் குடும்பத்துக்கு எங்கள் கொள்கையை விட வலை முக்கியம்.

ஆனால் கட்டுரைக்குள் போடாதீர்கள். தனிப் பெட்டியில், "உதவ விரும்புவோர் எமது அலுவலகத்துடன் தொடர்புகொள்க" என்று பத்திரிகையின் தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள். அழைத்தவரின் விபரத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்து அவர்களே கதைக்கட்டும். செய்தியாளரின் கையாலோ கணக்காலோ ஒரு ரூபாவும் போகக் கூடாது. கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக நடக்கிற ஊர் என்றால் சங்கக் கணக்கு இன்னும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் பங்கு வரும்.

வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிற பழக்கம் யூரியூப் காணொளிகளில் இருந்து பத்திரிகைக்கும் வந்துவிட்டது. தயவுசெய்து வேண்டாம். பெயர், விலாசம், கிளை, சில வேளை அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கும். 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இவ்வளவும் கையில் இருந்தால் "வங்கியில் இருந்து கதைக்கிறோம்" என்று அழைக்கிறவனுக்கு மிச்சம் கேட்கத் தேவையில்லை.

வடமராட்சிக் கரை:

எல்லாருக்கும் நன்றி. திகதியை நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் விளங்குது. நாளைப் பின்னேரம் போகிறேன்.

இன்னொரு கேள்வி. அடுத்ததாக எழுதக் கேட்டிருப்பது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயைப் பற்றி. இதே முறை அங்கேயும் பொருந்துமா?

நிழல்வாகை:

முழுக்கப் பொருந்தாது. வலை இழந்தவரிடம் பெரும்பாலும் நீங்கள்தான் முதல் செய்தியாளர். அந்தத் தாயிடம் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எண்ண ஏலாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களின் தொடர் போராட்டம் தொடங்கியதில் இருந்து, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக் கூட்டம் நடக்கிற மார்ச்சிலும் செப்ரெம்பரிலும், காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30இலும் ஒலிவாங்கிகள் வரும், பிறகு போய்விடும். அந்த நாட்களில் போகாதீர்கள். போகமுன் அவர் ஏற்கனவே கொடுத்த செவ்விகளைத் தேடி வாசியுங்கள். பிடித்துக்கொண்டு போன நாளை முதலில் இருந்து சொல்லச் சொல்லிக் கேட்காமல், "இப்படிச் சொல்லியிருக்கிறீங்கள், திருத்த ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றி மடியில் வைக்கச் சொல்லாதீர்கள். அவர் தானாக எடுத்துக் காட்டினால் அது வேறு. அழத் தொடங்கினால் ஒலிப்பதிவை நிற்பாட்டுங்கள், நிற்பாட்டியதை அவர் காணும்படி நிற்பாட்டுங்கள். ஆரம்பத்திலேயே சொல்லவேண்டியது: இது இணையத்திலும் வரும், எப்போதும் இருக்கும், பிடித்தவர் யார் என்று நீங்கள் சொல்கிற பெயரை நான் போடவா விடவா. பதிலை அன்றைக்கே வாங்காமல் அடுத்தநாள் அழைத்துத் திரும்பக் கேளுங்கள். இரவில் யோசித்து மனம் மாறுகிறவர்கள் உண்டு, அதற்கு இடம் வைக்கவேண்டும்.

சொற்களில் கவனம் தேவை. குடும்பங்கள் சொல்வது "காணாமல் ஆக்கப்பட்ட". 2016இல் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் பெயர் "காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்". அலுவலகத்தின் பெயரை உள்ளபடி எழுதுங்கள், மற்ற இடமெல்லாம் குடும்பத்தின் சொல்லை எழுதுங்கள். தாய் "அவனுக்குப் புளிக்கஞ்சி விருப்பம்" என்று நிகழ்காலத்தில் சொன்னால், பக்கம் திருத்துகிறவர் அதை "விருப்பமாக இருந்தது" என்று மாற்றிவிடுவார். மாற்ற விடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் நீங்கள் அவரின் மகனுக்கு மரணச் சான்றிதழ் எழுதிவிடுகிறீர்கள்.

"சாக வேணும் போல கிடக்கு" என்ற மாதிரிச் சொன்னால் அது தலைப்பு இல்லை. கட்டுரையைப் பிறகு பார்க்கலாம், கூட இருக்கிற ஆளிடம் அதைச் சொல்லுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐக் கொடுங்கள்.

கரைவலை:

பேச்சை எழுதுறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. "நாம் மிகுந்த வேதனையடைந்துள்ளோம் என அவர் தெரிவித்தார்" எண்டு எழுதினால் அது சங்கத்தின்ர அறிக்கை. "என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை" எண்டு அவர் சொன்ன மாதிரியே போடுங்கோ. ஆனால் ஒவ்வொரு ஓசையையும் எழுத்தில கொண்டுவர வெளிக்கிட்டால் வாசிக்கிறவை சிரிப்பினம். ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு வசனம் பேச்சில இருந்தால் காணும், மிச்சத்தை நீங்கள் சுருக்கிச் சொல்லலாம்.

பாத்துக்கொள்ளவேண்டியது: தொழிலாளியைப் பேச்சுத் தமிழிலயும் பணிப்பாளரை எழுத்துத் தமிழிலயும் போடுறது வழமையா நடக்கும். பணிப்பாளரும் ஃபோனில "பாப்பம், மேல அனுப்பியிருக்கிறம்" எண்டுதான் சொல்லியிருப்பார். ஒருத்தரைத் திருத்தினால் இரண்டு பேரையும் திருத்துங்கோ.

வடமராட்சிக் கரை:

திரும்பப் போய் வந்தேன். திகதி கிடைத்தது, முறைப்பாட்டுத் துண்டும் பார்த்தேன். புதுத் தொடக்கம்:

"இரவு எட்டு மணிக்கு விட்ட வலையை விடிய நாலு மணிக்கு இழுக்கப் போனபோது கயிறு இலேசாக வந்தது. 'பாரம் இல்லாமல் வந்தவுடனேயே விளங்கிட்டுது' என்கிறார். இருபத்திரண்டு துண்டில் கைக்கு வந்தவை நான்கு. அன்றிலிருந்து விடிய நாலு மணிக்கு எழும்பித் தேநீர் போடுகிற மனைவி, இப்போதும் அதே நேரத்துக்குத்தான் எழும்புகிறா."

மேசையடி:

இது போகும். கடைசி வசனத்தில் "அன்றிலிருந்து" பிழையான இடத்தில் நிற்கிறது, அன்றைக்குப் பிறகுதான் தேநீர் போடத் தொடங்கினா போல வாசிக்குது. எடுத்துவிடுங்கள். எந்தத் திகதி இரவு என்று முதல் வசனத்திலேயே போடுங்கள். காரணப் பந்தியையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.